சந்தா கட்டிக் குடியிருக்கும் உலகங்கள்



இணைய விளையாட்டு என்று தமிழ்நாட்டில் ஒரு மேடையில் சொன்னால் கேட்பவர் மனத்தில் முதலில் வந்து நிற்பது ரம்மி. கடன், குடும்பச் சிதைவு, தற்கொலை, நீதிமன்ற வழக்கு என்று அந்தச் சொல்லைச் சுற்றி நாம் பார்த்த துயரங்கள் ஏராளம். அதற்கென்று தமிழ்நாடு இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடை செய்தது. அந்த மத்தியச் சட்டத்தில் ஒரு நுட்பமான பிரிவினை இருக்கிறது. வென்றால் பணம் கிடைக்கும் என்று நம்பி வைக்கும் பந்தயத் தொகை வேறு, ஒரு விளையாட்டுக்குள் நுழைவதற்காகக் கட்டும் சந்தா வேறு என்று அது பிரிக்கிறது. முன்னதைத் தடுக்கிறது, பின்னதை அனுமதிக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பின்னதைப் பற்றி. அதாவது, பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டுகளில் மாதச் சந்தா எவ்வாறு வந்தது, அந்த விலை விளையாட்டை என்ன செய்தது, இத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்று நிறுவனங்கள் சொன்ன எண்கள் எவற்றைக் கூட்டி வந்தவை, பிறகு ஏன் சொல்லாமல் நிறுத்தினார்கள் என்பவை பற்றி.

இந்த விளையாட்டுகளைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு நிறுவனம் தன் சர்வர்களில் ஓர் உலகத்தைக் கட்டி வைக்கிறது. அங்கே ஊர்கள், காடுகள், சந்தைகள், அரக்கர்கள் எல்லாம் உண்டு. நீங்கள் ஒரு பாத்திரமாக உள்ளே போகிறீர்கள். அங்கே எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலவே எங்கோ ஒரு கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். நீங்கள் கணினியை அணைத்துவிட்டு உறங்கப் போனாலும் அந்த உலகம் நிற்பதில்லை. சந்தையில் விலை ஏறும், இறங்கும். கில்டு என்று சொல்லப்படும் குழுவில் சண்டை வரும், சமாதானம் ஆகும். அந்த உலகம் நில்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் அதற்கான செலவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம், இணைப்பு, பழுது பார்ப்பவர்கள், புகார் கேட்பவர்கள், புதிய நிலப்பகுதிகளை வரைபவர்கள். ஒருமுறை விற்றுவிட்டுக் கைகழுவக்கூடிய சரக்கு அன்று இது. சந்தா பிறந்ததன் காரணம் இந்த ஓயாத செலவுதான்.

தொடக்கத்தில் அது மாதக் கணக்காக இல்லை, மணிக் கணக்காக இருந்தது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் எழுத்துகளால் மட்டுமே ஆன மட் என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அதற்குக் காசு வாங்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. காசு வந்தது, 1980-களில் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் போன்ற வணிக வலையமைப்புகள் விளையாட்டுகளை வைத்தபோது. 1985-இல் அங்கே தொடங்கிய ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்க்கு மணிக்கு 6 டாலர், வேகமான மோடம் வைத்திருந்தால் 12 டாலர். 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் தன் இணைப்புக்கு மணிக் கட்டணத்தைக் கைவிட்டு, மாதம் 19.95 டாலர் என்ற ஒரே கட்டணத்துக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மெரிடியன் 59 என்ற விளையாட்டும் மாதக் கட்டணத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு, 1997 செப்டம்பர் 24 அன்று, ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா ஆன்லைன் வெளிவந்தது. மாதம் 9.95 டாலர். அரை ஆண்டுக்குள் ஒரு லட்சம் பேர் கட்டினார்கள். அதுவரை இத்துறையில் யாரும் கனவுகூடக் காணாத கூட்டம் அது.

மணிக் கட்டணத்துக்கும் மாதக் கட்டணத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நிக் யீ என்ற ஆய்வாளர் இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோர் பல்லாயிரம் பேரிடம் கேட்டுத் தொகுத்ததில், சராசரியாக ஒருவர் வாரத்துக்கு 22 மணி நேரம் ஆடினார். மாதத்துக்கு ஏறத்தாழ 95 மணி நேரம். இதைக் கம்ப்யூசர்வின் குறைந்த விலையில் ஆடியிருந்தால் 570 டாலர் ஆகியிருக்கும். அல்டிமாவின் விலையில் மணிக்குப் பத்து சென்ட்தான் விழுகிறது. 570 டாலர் கட்டக்கூடியவர்களின் உலகில் வசதியானவர்கள் மட்டுமே இருப்பார்கள். பத்து டாலருக்குக் கல்லூரி மாணவர், இரவுப் பணி செவிலியர், வேலை இழந்து வீட்டில் இருப்பவர், ஓய்வுபெற்ற தாத்தா எல்லோரும் வரலாம். வந்தார்கள். அந்த உலகங்கள் ஊர்களாக மாறியதற்குக் கற்பனை வளம் ஒரு காரணம், கட்டணம் இன்னொரு காரணம். இரண்டாவதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

விலை எவ்வளவு என்பதை விட, விலை எதன்மீது வைக்கப்படுகிறது என்பது முக்கியம். மணிக்கு இவ்வளவு என்றால், ஆடுபவர் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறாரோ அவ்வளவு வருமானம். ஆகவே நேரத்தை இழுக்கும் விளையாட்டுதான் இலாபமான விளையாட்டு. மாதத்துக்கு இவ்வளவு என்றாலோ நிலைமை தலைகீழ். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணியும் நிறுவனத்துக்குச் செலவு. அடுத்த மாதமும் அவர் கட்ட வேண்டும் என்பது மட்டும்தான் அதன் கவலை. இதன் விளைவை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கண்கூடாகப் பார்க்கலாம். பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று வெளியிட்ட இந்த விளையாட்டின் சோதனைக் கட்டத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும். சோதித்தவர்கள் கொதித்தார்கள். ராப் பார்டோவின் தலைமையில் இருந்த வடிவமைப்புக் குழு, கணக்கை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு சொல்லும் முறையை மாற்றியது. ஓய்வெடுத்துவிட்டு வந்தால் புள்ளிகள் இரட்டிப்பாகும், ஓய்வு தீர்ந்தால் இயல்பான அளவு என்றது. உடனே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "போய்த் தூங்கு, நாளைக்கு வா, பரிசு தருகிறேன்" என்று சொல்லும் விளையாட்டை மணிக் கட்டணம் வாங்கும் நிறுவனம் எழுதியிருக்குமா? எழுதியிருக்காது என்றே நினைக்கிறேன். நாற்பது பேர் கூடிப் போகும் பெரிய போர்களின் பரிசுகளை வாரத்துக்கு ஒரு முறைதான் பெறலாம் என்ற விதியும் இதே மண்ணில் முளைத்ததுதான். அந்த விதி ஆடுபவரின் வாரத்தை ஒழுங்குபடுத்தியது. அதோடு சந்தாவையும் மாதக் கணக்கில் நீட்டித்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது.

அதே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2005 ஜூனில் சீனாவுக்குப் போனபோது மாதச் சந்தாவை விட்டுவிட்டுப் போனது. அங்கே தி நைன் என்ற நிறுவனம் அதை நடத்தியது. 30 யுவானுக்கு ஒரு ப்ரீபெய்டு கார்டு. அதில் 66 மணி 40 நிமிடம் ஆடலாம். மணிக்கு 0.45 யுவான். நம் சராசரி 95 மணி நேரக்காரர் அங்கே இருந்தால் மாதம் சுமார் 43 யுவான் செலவழிப்பார். அன்றைய மாற்று விகிதத்தில் ஐந்து டாலரைச் சற்றுத் தாண்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் மட்டும் ஆடுபவர் ஒரு டாலருக்குச் சற்று மேல் கட்டுவார். அமெரிக்காவிலோ இருவருக்கும் ஒரே கட்டணம், 14.99 டாலர். தென்கொரியாவில் இன்னொரு ஏற்பாடு. லீனேஜ் விளையாட்டுக்கு வீட்டிலிருந்து ஆடினால் மாதம் 29,700 வோன். ஆனால் பெரும்பாலோர் பிசி பாங் எனப்படும் கணினிக் கூடங்களில் ஆடினார்கள். அங்கே விளையாட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் கூடத்தின் உரிமையாளர். ஆடுபவர் கூடத்துக்கு மணிக் காசு கொடுப்பார்.

இங்கேதான் எண்ணிக்கையின் சிக்கல் தொடங்குகிறது.

2008 ஜனவரியில் பிளிசார்ட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு ஒரு கோடிச் சந்தாதாரர்கள். வட அமெரிக்காவில் 25 லட்சத்துக்கு மேல், ஐரோப்பாவில் 20 லட்சத்துக்கு மேல், ஆசியாவில் ஏறத்தாழ 55 லட்சம். அறிவிப்பின் கீழே சந்தாதாரர் என்றால் யார் என்ற விளக்கமும் இருந்தது. சந்தா கட்டியவர் சந்தாதாரர். காலாவதியாகாத ப்ரீபெய்டு கார்டு வைத்திருப்பவரும் சந்தாதாரர். விளையாட்டை வாங்கி முதல் இலவச மாதத்தில் இருப்பவரும் சந்தாதாரர். கணினிக் கூடத்தில் கடந்த முப்பது நாள்களுக்குள் ஒருமுறை உள்ளே வந்து போனவரும் சந்தாதாரர். நிறுவனம் எதையும் ஒளிக்கவில்லை, எழுதித்தான் வைத்தது. ஆனால் செய்தித்தாள்கள் முதல் வரியை எடுத்துக்கொண்டு கடைசி வரியை விட்டுவிட்டன.

2010 அக்டோபரில் அந்த எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. அதுவே இன்றுவரை அந்த விளையாட்டு அறிவித்த உச்சம். உடனே பலரும் அதை 15 டாலரால் பெருக்கினார்கள், 12 மாதங்களால் பெருக்கினார்கள், ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் தன் கணக்கில் இந்த வகை விளையாட்டுக்குக் காட்டிய வருமானமோ, பெட்டி விற்பனையையும் சேர்த்து, ஆண்டுக்கு 100 கோடி டாலருக்குச் சற்று மேல்தான். மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை, இருந்ததே இல்லை. ஷாங்காயில் கார்டு வாங்கி ஆடும் இளைஞரையும் சிகாகோவில் மாதச் சந்தா கட்டும் இளைஞரையும் ஒரே எண்ணாகக் கூட்டியதால் வந்த பிழை அது. வணிகவியல் மாணவர்கள் இந்தப் பெருக்கலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சராசரி வருமானம் தெரியாமல் ஆள் எண்ணிக்கையைப் பெருக்குகிற இடத்தில் எல்லாம் இதே பள்ளம் காத்திருக்கிறது.

இன்னொரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2009-இல் சீன உரிமம் தி நைனிடமிருந்து நெட்ஈஸ் நிறுவனத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சீனச் சர்வர்கள் வணிகத்துக்கு மூடிக் கிடந்தன. பல லட்சம் பேர் உள்ளே போக முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நிறுவனம் சொல்லிவந்த எண் 1 கோடியே 15 லட்சம்தான். 2008 டிசம்பரில் அறிவித்த அதே எண்.

இந்த எண்களைத் தேடித் தேடி ஒரே வரைபடத்தில் வைத்தவர் புரூஸ் ஸ்டெர்லிங் வுட்காக் என்ற அமெரிக்கர். 2002 முதல் 2008 வரை நிறுவன அறிக்கைகள், பேட்டிகள், நம்பிக்கையோடு தரப்பட்ட தகவல்கள் என எல்லாவற்றையும் திரட்டி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கோடு வரைந்தார். ஒவ்வோர் எண்ணும் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று தரமும் போட்டார். அல்டிமா ஏறி இரண்டரை லட்சத்தில் தயங்குவதையும், 1999 மார்ச்சில் வந்த எவர்குவெஸ்ட் அதைத் தாண்டி நான்கு லட்சத்துக்கு மேல் போவதையும், லீனேஜ் இவற்றையெல்லாம் குள்ளமாக்கி முப்பது லட்சம் அளவில் நிற்பதையும், பிறகு வார்கிராஃப்ட் வந்து வரைபடத்தின் அளவுகோலையே மாற்ற வைப்பதையும் அதில் பார்க்கலாம். ஒரு தனிமனிதர் ஒரு துறையின் புள்ளிவிவர அலுவலகமாக ஆறு ஆண்டு இயங்கினார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆராய்ச்சியாளர்கள், பத்திரிகையாளர்கள், ஏன், நிறுவனங்களே அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

பிறகு வெளிச்சம் குறையத் தொடங்கியது. வார்கிராஃப்டின் எண்ணிக்கை 2013 மார்ச்சில் 83 லட்சம், 2014 ஜூனில் 68 லட்சம். அந்த நவம்பரில் புதிய விரிவாக்கம் வந்ததும் மீண்டும் ஒரு கோடி. ஆனால் 2015 மார்ச் இறுதியில் 71 லட்சம், ஜூன் இறுதியில் 56 லட்சம், செப்டம்பர் இறுதியில் 55 லட்சம். அத்தோடு இனிமேல் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிட மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. தங்கள் வணிகத்தை அளக்க வேறு நல்ல அளவைகள் இருப்பதாகக் காரணம் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், அந்த விளையாட்டின் பொறுப்பாளராக இருந்த ஜான் ஹைட் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஏறி இறங்கும் கோடு இருந்தது, எண்கள் இல்லை. பழைய எண்களை நினைவில் வைத்திருந்த ரசிகர்கள் அளவுகோல் வைத்து அளந்து, எழுபது லட்சத்தைச் சுற்றி இருக்கலாம் என்று கணித்தார்கள். தாங்கள் மாதந்தோறும் காசு கட்டி வாழும் ஊரின் மக்கள்தொகையை அளவுகோல் வைத்து ஊகிக்க வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு வேதனை தருகிறது. அந்த எண் அவர்களுடைய வாழ்க்கை பற்றியது. ஆள் குறைந்தால் சர்வர்கள் இணைக்கப்படும், கில்டுகள் கலையும், இறுதியில் உலகமே மூடப்படும். முதலீட்டாளருக்குச் சொல்லிவந்தவரை ஆடுபவரின் காதிலும் விழுந்தது. அங்கே சொல்வதை நிறுத்தியதும் இருவருக்கும் கதவு சாத்தப்பட்டது.

எண்ணிக்கை மறைந்த அதே காலத்தில் சந்தாவின் உள்ளடக்கமும் மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 2004-இல் 14.99 டாலராக இருந்த மாதச் சந்தா, இருபது ஆண்டு கழிந்தும் 14.99 டாலர்தான். பணவீக்கத்தைக் கணக்கிட்டால் அன்றைய 14.99 இருபது ஆண்டு கழித்து 24 டாலருக்கு மேல். அதாவது உண்மை விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருக்கிறது. ஆடுபவருக்கு இலாபம் என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு கடை திறக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் 25 டாலருக்கு ஒரு மின்னும் குதிரை. 2014-இல் 60 டாலர் கொடுத்தால் உங்கள் பாத்திரம் ஒரே தாவலில் 90-ஆம் நிலைக்குப் போகும் வசதி. 2015 ஏப்ரலில் டோக்கன் வந்தது. ஒருவர் 20 டாலருக்கு அதை வாங்கி விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கலாம். தங்கம் சேர்த்து வைத்திருப்பவர் அதை வாங்கி ஒரு மாதச் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் 90 டாலருக்கு ஒரு சவாரி மிருகம். அது ஆறு மாதச் சந்தாவின் விலை.

டோக்கனைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். இந்த யோசனையை முதலில் நன்றாகச் செயல்படுத்தியவர்கள் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனத்தார். அவர்களுடைய ஈவ் ஆன்லைனில் 2008 முதல் பிளெக்ஸ் என்ற பெயரில் இது இருக்கிறது. காசு இருந்து நேரம் இல்லாதவரும், நேரம் இருந்து காசு இல்லாதவரும் ஒருவர் சந்தாவை மற்றவர் கட்டும் ஏற்பாடு. கள்ளத்தனமாகத் தங்கம் விற்கும் கும்பல்களை ஒடுக்க இது உதவியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கை என்ன ஆகிறது என்று பாருங்கள். டோக்கனால் ஆடும் ஒருவர் தன் பையிலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை. அவர் பொருட்டு நிறுவனத்துக்கு வந்ததோ 20 டாலர், சந்தா கட்டுபவரிடமிருந்து வருவதை விட அதிகம். அவர் சந்தாதாரரா? அவருக்காகக் கட்டியவர் இரண்டு சந்தாதாரர்களா? பழைய விளக்கக் குறிப்பில் இதற்கு இடமில்லை. 2022 மே மாதம் ஈவ் தன் மாதச் சந்தாவை 14.99-இலிருந்து 19.99 டாலராக உயர்த்தியபோது ஆடுபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் ஓர் ஆரோக்கியம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் கையில் தரவு இருந்தது. ஈவில் இந்த நொடி எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பது நுழைவுத் திரையிலேயே தெரியும். பொருளாதாரத்தின் மாதாந்திர அறிக்கையை நிறுவனமே வெளியிடுகிறது. விலை ஏற்றத்தைப் பற்றி அங்கே நடந்தது வாய்ச்சண்டையாக நின்றுவிடவில்லை. எண்களை வைத்து வாதாடினார்கள்.

விலையைப் பொருளின்மீதும் வாய்ப்பின்மீதும் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியாவின் நெக்ஸான் உதாரணம். 2003-இல் வந்த மேப்பிள்ஸ்டோரிக்கு நுழைவு இலவசம், பொருள்கள் மட்டும் விலைக்கு. அதில் கியூப் என்று ஒரு பொருள் இருந்தது. காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்தினால் உங்கள் ஆயுதத்தின் ஆற்றல் குலுக்கல் முறையில் மாறியது. நல்ல ஆற்றல்கள் விழும் வாய்ப்பை நிறுவனம் குறைத்தது, சில சேர்க்கைகள் விழவே விழாதபடியும் செய்தது. ஆடுபவர்களுக்குச் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வணிக ஆணையம் 1,160 கோடி வோனுக்கு மேல் அபராதம் விதித்தது. அந்த மார்ச் மாதம் முதல் குலுக்கல் வாய்ப்புகளின் விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆக, விளையாட்டு நிறுவனம் தன்னிடம் மட்டும் வைத்திருக்கும் ஓர் எண்ணை ஆடுபவர் முன் வைக்கச் செய்ய ஒரு நாட்டால் முடிந்திருக்கிறது.

சந்தாவின்மீது நான் வைத்திருக்கும் மதிப்புக்கு இன்னொரு சான்று ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற விளையாட்டு. 2010 செப்டம்பரில் வந்தபோது படுதோல்வி. அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா, பழைய உலகத்தை 2012 நவம்பரில் மூடிவிட்டு, முற்றிலும் புதிதாகக் கட்டி 2013 ஆகஸ்டில் திறந்தார். அப்போது எல்லோரும் இலவச முறைக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். ஸ்டார் வார்ஸின் பெயரைத் தாங்கி 2011 டிசம்பரில் வந்து 17 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்ட விளையாட்டே ஓராண்டு நிறைவதற்குள் இலவசக் கதவைத் திறந்துவிட்டது. யோஷிடா மாதச் சந்தாவிலேயே நின்றார். வருமானம் சீராக வந்தால்தான் குறித்த கால இடைவெளியில் புதிய கதைகளைத் தர முடியும் என்று விளக்கினார். புதிய பகுதியை ஆடி முடித்தவர்கள் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளை ஆடட்டும், அடுத்தது வரும்போது திரும்பி வரட்டும் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னவர். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் மணிக்கணக்கில் வரிசை நின்றபோது, நிறுவனம் விளையாட்டை விற்பதையே நிறுத்தியது. கட்டியவர்களுக்கு முதலில் ஏழு நாள், பிறகு பதினான்கு நாள் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. குலுக்கலை நம்பி வாழும் விளையாட்டு கூட்டம் குவியும் வேளையில் கதவை மூடுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அங்கேயும் குறை உண்டு. அந்த விளையாட்டில் நீங்கள் நிலம் வாங்கி வீடு கட்டலாம். 45 நாள் வீட்டுக்குள் நுழையாவிட்டால் வீடு இடிக்கப்படும். இடம் குறைவு, காத்திருப்போர் அதிகம் என்பது காரணம். ஆனால் நோயில் படுத்தவருக்கும், வேலை போனவருக்கும், அந்த விதி சந்தாவை விடாதே என்று நெருக்கும் கை. 2024 புத்தாண்டு நாளில் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் தாக்கியபோது நிறுவனம் இடிப்பதை நிறுத்தி வைத்தது. நல்ல செயல். தனி மனிதரின் வீட்டில் நடக்கும் பேரிடர்களுக்கு அத்தகைய நிறுத்தம் கிடையாது.

மறதியையும் சந்தாக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆடுவதை விட்டுப் பல மாதமாகியும் அட்டையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருப்பவர்களும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். இந்தியாவில் 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தானாகப் பிடிக்கப்படும் ஒவ்வொரு சந்தாத் தொகைக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வர வேண்டும். விதி வந்த புதிதில் பலருடைய சந்தாக்கள் அறுந்தன, எரிச்சல் உண்டானது. நான் அந்த விதியை ஆதரிக்கிறேன். அமெரிக்காவில் சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் கொண்டுவரப்பட்ட விதியை, 2025 ஜூலையில் நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்துவிட்டது.

என் கோரிக்கைக்கு வருகிறேன். நம் நாட்டில் 1948 முதல் ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. பத்திரிகைகள் தங்கள் விற்பனையைத் தாங்களே பெருக்கிச் சொன்ன காலத்தில், பதிப்பாளர்களும் விளம்பரதாரர்களும் கூடி அமைத்தது. அரை ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு தணிக்கை செய்யப்பட்டுச் சான்று வருகிறது. காசு கொடுத்து வாங்கிய பிரதி வேறு, சும்மா கொடுத்த பிரதி வேறு என்று அங்கே பிரித்து எண்ணுகிறார்கள். இணைய விளையாட்டுச் சந்தாவுக்கு இத்தகைய தணிக்கை, எனக்குத் தெரிந்து, எந்த நாட்டிலும் வந்ததில்லை. முழுச் சந்தா கட்டியவர் எத்தனை, நேரக் கார்டில் ஆடுபவர் எத்தனை, டோக்கனால் உள்ளே இருப்பவர் எத்தனை, கட்டியும் முப்பது நாளாக உள்ளே வராதவர் எத்தனை என்று நான்கு பத்திகள் போதும். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக. பங்குச் சந்தைக்குச் சொல்கிறார்களோ இல்லையோ, கட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போட்டியாளர்களுக்குத் தெரிந்துவிடும் என்று நிறுவனங்கள் மறுக்கும். ஏறத்தாழப் பதினோர் ஆண்டு எண்ணைப் பறைசாற்றியே வளர்ந்த வார்கிராஃப்டைப் போட்டியாளர் யாரும் அதனால் வீழ்த்தவில்லை. எண் குறைவதைக் கண்டால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. காலியாகும் ஊரை விட்டு முதலில் கிளம்புவோர் எப்போதும் உண்டு. ஆனால் தெரியாமலே இருந்து ஒருநாள் திடீரென்று தெரியவருவது அதை விடக் கொடியது. 2004-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் ஹீரோஸை ஆடியவர்கள் அப்படித்தான் அறிந்தார்கள். 2012 ஆகஸ்ட் 31 அன்று என்சிசாஃப்ட் நிறுவனம் அதை அப்போது மேம்படுத்திவந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. நவம்பர் 30 அன்று அந்த நகரம் அணைக்கப்பட்டது. எட்டு ஆண்டு அங்கே பழகியவர்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்தார்கள். பயனில்லை.

2019-இல் அந்த விளையாட்டின் நிரல் வெளிவந்து, ரசிகர்களே ஹோம்கமிங் என்ற பெயரில் அதை ஓட்டத் தொடங்கினார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அதற்கு முறையான உரிமமும் வழங்கியது. அங்கே சந்தா இல்லை. மாதந்தோறும் சர்வருக்கு எவ்வளவு, இணைப்புக்கு எவ்வளவு என்று செலவுப் பட்டியலை எல்லோரும் பார்க்க வெளியிடுகிறார்கள். அந்தத் தொகைக்கு மட்டும் நன்கொடை திறக்கப்படுகிறது. தொகை நிறைந்ததும் மூடப்படுகிறது, பல மாதங்களில் திறந்த சிறிது நேரத்துக்குள்ளேயே. சிறிய உலகம்தான், வார்கிராஃப்டோடு ஒப்பிட முடியாது. ஊதியம் வாங்கும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அங்கே இல்லை என்பதும் தெரியும். ஆயினும் தன் உலகம் இன்னும் ஒரு மாதம் ஓட எவ்வளவு ஆகும் என்பது அங்கே ஆடும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் சந்தாதாரர்களுக்கும் அந்த அளவு தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.